புத்தகத்தின் வாசல்படி: முதல் எழுத்தின் கதை



போன மாதம் நம் தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "கல்வெட்டு எந்தச் சொல்லில் ஆரம்பிக்கும் சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. ஆரம்பம் என்பது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கு அதைப் பற்றியே எழுதுகிறேன். கல்லைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, புத்தகத்துக்குப் போய்விடுவோம். பதிவு நீளம்தான். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. புது நோட்டு வாங்கியதும் முதல் பக்கத்தில் முதலில் என்ன எழுதுவீர்கள்? பெயரா, வகுப்பா? இல்லை. பலரும் பிள்ளையார் சுழிதான் போடுவீர்கள். தேர்வு நாளில் வினாத்தாள் கைக்கு வருவதற்கு முன்பே விடைத்தாளின் உச்சியில் சுழி விழுந்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். பதில் ஒன்றுமே எழுதாத தாளிலும் சுழி மட்டும் அழகாக இருக்கும்!

இனி, பழைய ஐரோப்பியப் புத்தகம் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தின் முதல் எழுத்து மட்டும் நாலு வரி, ஐந்து வரி உயரத்துக்கு ஒரு சதுரக் கட்டத்துக்குள் நிற்கும். அந்த எழுத்தைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கும். கொடிக்குள் ஒரு பறவை, ஒரு முயல், சில சமயம் ஒரு மனிதன். எழுத்தா படமா என்று கொஞ்ச நேரம் தெரியாது.

நம் சுழியும் அவர்கள் படமும் பார்வைக்கு வேறு வேறு. ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். வீட்டுக்கு வாசல்படி மாதிரி. உள்ளே போகிறவனை ஒரு நொடி நிறுத்தி, "இது இன்னார் வீடு, இப்படிப்பட்ட வீடு" என்று சொல்கிற இடம் அது. ஒரு சமூகம் எதைப் பெரிதாக நினைத்ததோ அதைக் கொண்டுபோய்ப் புத்தகத்தின் வாசலில் வைத்திருக்கிறது. இதுதான் நான் சொல்ல வருவது.

*

கையெழுத்துக் காலம்

அச்சு வருவதற்கு முன் ஐரோப்பாவில் புத்தகம் என்றால் கன்றுத்தோல், ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி அதன்மேல் இறகுப் பேனாவால் எழுதியது. மடங்களில் துறவிகள் உட்கார்ந்து மாதக்கணக்கில் பிரதி எடுப்பார்கள். அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் பக்க எண் கிடையாது. இன்றைக்கு இருப்பது போலப் பொருளடக்கமும் கிடையாது. அப்படியானால் வேண்டிய பகுதியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வழிகாட்டிதான் பெரிய முதல் எழுத்து. பக்கத்தைப் புரட்டும்போது சிவப்பாக, நீலமாக ஓர் எழுத்து கண்ணில் பட்டால், அங்கே ஒரு பகுதி ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அழகு பிறகு வந்தது. உபயோகம்தான் முதலில்.

ஆனால் மனிதன் உபயோகத்தோடு நிற்பானா? கிணற்றுக்கு வைத்த கல்லிலும் கோலம் செதுக்குகிறவன் ஆயிற்றே! பெரிய எழுத்தில் தங்க ரேக்கு ஒட்டினார்கள். நீலத்துக்கு ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டியெடுத்த நீலக்கல்லைப் பொடி செய்து குழைத்தார்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரில் டிரினிட்டி கல்லூரியில் 'கெல்ஸ் புத்தகம்' என்று ஒரு சுவடி இருக்கிறது. சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்தது. அதில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் வருகிற இடத்தில், அந்த எழுத்துகளே ஒரு முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பின்னலுக்குள் பூனை, எலி எல்லாம் ஒளிந்திருக்கும். எங்கள் காலத்துப் பத்திரிகைகளில் "படத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடி" என்று போடுவார்களே, அதற்கெல்லாம் தாத்தா.

*

அச்சு வந்தது, இடம் காலியாக இருந்தது

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் 1455 வாக்கில் பைபிளை அச்சிட்டு முடித்தார். பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்தது. பாடத்தில் இல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். அந்தப் பைபிளில் பெரிய முதல் எழுத்துகளை அவர் அச்சடிக்கவில்லை! அந்த இடங்களைக் காலியாக விட்டுவிட்டார். புத்தகத்தை வாங்கியவர் தம் ஊர் ஓவியரிடம் கொடுத்து, தம் வசதிக்கு ஏற்றபடி வரைந்துகொள்ள வேண்டும். பணக்கார மடம் தங்கம் பூசும். வசதி இல்லாதவர் சிவப்பு மையோடு நிறுத்திக்கொள்வார். சுமார் 180 பிரதிகள் அச்சிட்டார் என்கிறார்கள். இன்று உலகத்தில் 49 போல மிஞ்சியிருக்கின்றன. அச்சு ஒன்றுதான், ஆனால் அவற்றின் வாசல் ஒன்றுபோல் இருக்காது.

இந்தக் காலி இட வழக்கம் சில பத்தாண்டுகள் நீடித்தது. எந்த எழுத்தை வரைய வேண்டும் என்று ஓவியருக்குத் தெரிய வேண்டுமே? அதற்காகக் காலி இடத்தின் நடுவில் ஒரு பொடி எழுத்தை அச்சகத்தார் போட்டு வைப்பார்கள். பல பிரதிகளுக்கு ஓவியர் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஐந்நூறு வருடம் கழித்தும் அந்தப் பொடி எழுத்து மட்டும், மணமகன் வராத பந்தல் மாதிரி, பெரிய வெற்றிடத்தின் நடுவில் தனியாக நிற்கிறது.

1457 ஆகஸ்ட் 14 என்று தேதி போட்டு ஃபுஸ்ட், ஷோஃபர் என்ற இருவர் அதே மைன்ஸ் நகரில் ஒரு சங்கீதப் புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் பெரிய முதல் எழுத்தை இயந்திரத்திலேயே சிவப்பு, நீலம் என இரண்டு நிறத்தில் அடித்துக் காட்டினார்கள். எழுத்துக்கு ஒரு உலோகத் துண்டு, சுற்றிய கொடிக்கு ஒரு உலோகத் துண்டு. தனித்தனியாக மை தடவி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி, ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் காரியம் கெட்டுவிடும். அவ்வளவு துல்லியம். பிறகு எர்ஹார்ட் ராட்டோல்ட் என்பவர் வெனிஸ் நகரில் மரக்கட்டையில் செதுக்கிய கொடி எழுத்துகளை அச்சடித்தார். யூக்ளிடின் வடிவியல் நூலை 1482-இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். கணக்குப் புத்தகத்துக்கும் கொடி போட்ட முதல் எழுத்து! நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

*

எழுத்துக்குள் ஒளிந்த பொருள்

மரக்கட்டை வந்ததும் ஓவியர்களுக்குக் கை ஓடியது. ஒரு அங்குலக் கட்டத்துக்குள் எவ்வளவு சொல்லலாம் என்று போட்டி. மூன்று உதாரணம் மட்டும் தருகிறேன்.

ஒன்று: ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த 'மரண அரிச்சுவடி'. 1524 வாக்கில் செய்தது. அப்போதைய லத்தீன் வரிசைப்படி மொத்தம் 24 எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு அங்குலச் சதுரம்தான். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு எலும்புக்கூடு வந்து ஒருவரை இழுத்துப் போகிறது. போப்பாண்டவரையும் விடவில்லை, பேரரசரையும் விடவில்லை. சூதாடியும் உண்டு, குழந்தையும் உண்டு. கடைசி எழுத்தில் இறுதித் தீர்ப்பு. அந்த நூற்றாண்டில் கொள்ளைநோய் அடிக்கடி வந்து ஊரைக் காலி செய்தது. "படிக்கிறாயா, படி. ஆனால் நேரம் குறைவு" என்று வாசலிலேயே எழுதி வைத்தது போல இருக்கிறது. நம் ஊரில் நிலையாமையைப் பாட்டில் சொன்னார்கள். அவர்கள் அதை எழுத்தின் முதுகில் ஏற்றினார்கள்.

இரண்டு: பாரிஸ் நகரின் ஜெஃப்ராய் தோரி, 1529-இல் எழுத்துகளைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். மனித உடம்பின் அளவுகளை வைத்து எழுத்துகளின் அளவைக் கணக்கிட்டார். அதில் 'ஒய்' என்ற எழுத்துக்கு அவர் வரைந்த படம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த எழுத்தை நினைத்துப் பாருங்கள். அடியில் ஒரே தண்டு. மேலே இரண்டு கிளை. ஒரு கிளை தடிமன், ஒரு கிளை மெலிசு. தடித்த கிளை சுகமான வழி. ஏறுவது சுலபம், ஆனால் அங்கே வாள், சாட்டை, தூக்குமரம், நெருப்பு எல்லாம் தொங்குகின்றன. மெல்லிய கிளை கஷ்டமான வழி. அதன் முனையில் கிரீடமும் மாலையும். கிரேக்க அறிஞர் பித்தாகரஸ் பெயரால் வழங்கி வந்த பழைய கருத்து இது. வகுப்பில் ஒழுக்கம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதை ஒரே எழுத்தில் சொல்லிவிட்டார் பாருங்கள்.

மூன்று: மருத்துவர் வெசாலியஸ். மனித உடற்கூறு பற்றி 1543-இல் பாசெல் நகரில் அச்சான அவருடைய பெரிய நூல் மருத்துவ வரலாற்றையே திருப்பிப் போட்டது. அப்போது அவருக்கு வயது 28. அதன் முதல் எழுத்துகளுக்குள் குட்டிக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் அது விளையாட்டு இல்லை. உடலை அறுக்கிறார்கள், பிணத்தைத் திருட்டுத்தனமாகத் தூக்கி வருகிறார்கள். அக்காலத்தில் உடலைப் படிப்பதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்பதை நூலின் வாக்கியங்கள் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கின்றன. முதல் எழுத்து ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

ஒரு வேடிக்கையும் உண்டு. மரக்கட்டை செய்ய செலவு அதிகம். அதனால் ஒரு புத்தகத்துக்குச் செய்த கட்டையை அடுத்த புத்தகத்துக்கும் போடுவார்கள். லண்டனில் 1572-இல் அச்சான ஒரு பைபிளில், எபிரேயருக்கு எழுதிய நிருபம் தொடங்கும் இடத்தில், அன்னமாக மாறி வந்த கிரேக்கக் கடவுள் லேடா என்ற பெண்ணிடம் நெருங்குகிற படம் போட்ட எழுத்து வந்துவிட்டது! புராணக்கதைப் புத்தகத்துக்காகச் செய்த கட்டை. அந்தப் பதிப்புக்கு 'லேடா பைபிள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் கருமாதிப் பத்திரிகை பார்டரைப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. வாசலில் வைப்பது எதுவானாலும் ஜனங்கள் அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

*

இனி நம் பக்கம்

முதலில் கல். நம் மாவட்டத்துப் பழைய நடுகற்களில் பல்லவர் காலத்தவை 'கோவிசைய' என்று அரசன் பெயரை முன்வைத்துத் தொடங்கும். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில் இன்ன வீரன் பட்டான் என்று போகும். பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று மங்கலச் சொல்லோடு தொடங்கும். முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கம் இல்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவு. சிறப்பு எழுத்தின் உருவத்தில் இல்லை, எந்தச் சொல்லை முன்னே வைக்கிறோம் என்பதில் இருந்தது.

அடுத்து ஓலை. நம்மவர்கள் ஏன் கொடியும் பறவையும் வரைந்து முதல் எழுத்தை அலங்கரிக்கவில்லை? ரசனை இல்லாமலா? கோயில் தூணைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காரணம் பொருளில் இருக்கிறது. தோலின்மேல் தூரிகை ஓடும். பனையோலையில் இரும்பு எழுத்தாணி கீறும். ஓலை அகலம் இரண்டு விரல் கட்டை இருந்தால் அதிகம். அதில் நாலைந்து வரி. கீறிய பிறகு கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால்தான் எழுத்து தெரியும். அழுத்தி நீளக் கோடு போட்டால் நார் வழியே ஓலை கிழியும். அதனால்தான் நம் எழுத்துகள் உருண்டை உருண்டையாக வந்தன என்று சொல்வார்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், சொற்களுக்கு இடைவெளியும் விட மாட்டார்கள். ரயில் மாதிரி எழுத்து ஓடும்.

அந்த ஓட்டத்தில் ஆரம்பம் எது என்று காட்ட ஒரு அடையாளம் வேண்டும். அதுதான் 'உ' போன்ற சுழி. கூடவே 'ஹரி ஓம்', 'நன்றாக', 'குரு வாழ்க' என்ற சொற்கள் வரும்.

சுழிக்கு என்ன அர்த்தம்? ஊருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஓங்காரத்தின் நடு எழுத்து என்பார்கள். உமையின் மகன் என்பதால் உகரம் என்பார்கள். வளைவும் கோடும் போட்டுப் பார்த்தால் ஓலை பதமாக இருக்கிறதா, ஆணி கூராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும், அதற்கான வெள்ளோட்டம் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இந்த மூன்றாவது விளக்கத்தை வகுப்பில் சொன்னால் பையன்கள் உடனே பேனாவைக் கிறுக்கிப் பார்ப்பார்கள். பக்தியாகப் பார்த்தாலும் வேலையாகப் பார்த்தாலும் விஷயம் ஒன்று. எழுதத் தொடங்குகிறவன் ஒரு நொடி நின்று, மனதையும் கையையும் ஒன்றாக்கிக்கொள்கிறான்.

*

ஈய எழுத்தில் தமிழ்

தமிழ் முதலில் அச்சில் வந்தது 1554-இல், லிஸ்பன் நகரில். ஆனால் தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சானது 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கம். அண்டிரிக்கி அடிகளார் என்று நம்மவர்கள் அழைத்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் செய்தது. முத்துக்குளித்துறை மக்கள் அதற்குப் பணம் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்த எழுத்துகளின் மாதிரியைக் கொடுத்திருக்கிறார்கள். இன்று அது அமெரிக்காவில் ஹார்வர்டு நூலகத்தில் இருக்கிறது. ஓலையில் இருந்த எழுத்து வடிவத்தையே ஈயத்தில் வார்த்தார்கள்.

பிறகு தரங்கம்பாடி. 1706-இல் வந்த சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளை வைத்து அச்சைத் தொடங்கினார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வந்தது. அந்த ஜெர்மன் எழுத்து அளவில் பெரியது, காகிதம் நிறையத் தின்றது. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகட்டை உருக்கி, பொறையாரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு நுட்பம் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு. தமிழில் அது கிடையாது. அது மட்டுமல்ல. ஆங்கில அத்தியாயம் 'பி' என்ற எழுத்தில் தொடங்கினால் அந்த ஒரே கட்டையை எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. மொத்தமே 26 கட்டை. தமிழில் ஒரு கதை 'கொக்கு' என்று தொடங்கினால்? ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. எதைப் பெரிதாக்குவது? கொம்பை மட்டும் பெரிதாக்கினால் அர்த்தம் இல்லை. மூன்றையும் பெரிதாக்கினால் பாதி வரி போய்விடும். 247 எழுத்துக்கும் தனித்தனியாகக் கட்டை செதுக்க எந்த அச்சகத்துக்குக் கட்டுப்படியாகும்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் அடிக்க அரூரில் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போவேன். அச்சுக்கோப்பவர் கண்ணாடிப் பிம்பம் மாதிரித் திரும்பியிருக்கும் ஈய எழுத்துகளை விரல் நுனியால் பொறுக்கி அடுக்குவார். கேஸைப் பார்க்கவே மாட்டார், கை தானாகப் போகும். முதலில் எதை வைப்பார் தெரியுமா? 'உ'. அதற்குக் கீழே விழாத் தலைவர் பெயரே வந்தாலும், சுழி முதலில் ஸ்டிக்கில் ஏறிவிடும். நாங்கள் கொடுத்த தாளில் சுழி இருக்காது. அவராகவே வைப்பார்.

*

ஒரே இயந்திரம், வேறு வேறு வாசல்

1835-இல் அச்சகம் வைப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. அதற்கு முன்பே, 1812-இல், தஞ்சை ஞானப்பிரகாசன் திருக்குறள் மூலத்தை அச்சில் கொண்டுவந்துவிட்டார் என்பதும் நினைவிருக்கட்டும். 1835-க்குப் பிறகு நம்மவர்கள் ஊருக்கு ஊர் அச்சுக்கூடம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிரியார் பீட்டர் பெர்சிவல் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்கு உதவியாக இருந்தவர். அச்சின் வலிமையை அங்கே நேரில் பார்த்தார். பிறகு வண்ணார்பண்ணையில் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து, சைவ நூல்களை அச்சிட்டார். முதல் பக்கத்தின் உச்சியில் 'சிவமயம்'. இயந்திரம் அவர்களுடையது, வாசல் இவருடையது.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கத்தை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு சமூக வரலாறே தெரியும். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளில் 'கணபதி துணை' வரும். வைணவ நூலில் 'ஸ்ரீ'. இஸ்லாமிய அன்பர்கள் வெளியீட்டில் 786. கிறிஸ்தவ நூலில் சிலுவை. வள்ளலார் அன்பர்கள் 'அருட்பெருஞ்ஜோதி' என்று போடுவார்கள். பகுத்தறிவு இயக்கத்தார் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். அந்தக் காலியிடமும் ஓர் அறிவிப்புதான். இவர்கள் யாரும் வாசல்படியைச் சும்மா கடக்கவில்லை.

படத்தோடு எழுத்து என்பதும் நம்மிடம் வந்து சேர்ந்தது, வேறு வழியில். கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658-இல் நியூரம்பெர்க் நகரில் குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம், அந்தப் பிராணி போடும் சத்தம். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் அவர் பெயரைப் படித்தோம். நம் வகுப்பறைச் சுவரில் தொங்கிய 'அ அம்மா, ஆ ஆடு, இ இலை' அட்டை அந்த வழியில் வந்ததுதான். 'உ' என்றால் உரல். 1985-இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரல் வீட்டில் இருந்தது. ஓய்வு பெறும் சமயத்தில் அதே படத்தைக் காட்டினால் "பூந்தொட்டி சார்" என்றான் ஒருவன். அவன்மேல் தப்பு இல்லை. படத்துக்கு அர்த்தம் படத்தில் மட்டும் இருப்பதில்லை, பார்க்கிறவன் வாழ்க்கையில் இருக்கிறது. ஹோல்பைனின் எலும்புக்கூடும் அப்படித்தான். கொள்ளைநோயைக் கண்டவனுக்கு அது பயம். நமக்கு வேடிக்கை.

*

இவ்வளவும் எதற்குச் சொன்னேன்?

புத்தகத்தில் முதலில் அழிவது இந்த முதல் பக்கம்தான். பாட்டு நடுவில் பத்திரமாக இருக்கும். அட்டையும் முதல் தாளும் கிழிந்து போயிருக்கும். எழுதியவர் யார், அச்சிட்ட ஊர் எது, ஆண்டு எது, யார் உதவியால் வந்தது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். அது போனால் புத்தகம் பெயர் தெரியாத அநாதை.

ஓலைக்கட்டும் இப்படித்தான். இரு பக்கத்து ஓலைகள்தான் காற்றையும் பூச்சியையும் முதலில் வாங்கிக்கொள்ளும். சங்க நூலான பதிற்றுப்பத்தை நினைத்துப் பாருங்கள். சேர அரசர் பத்துப் பேரைப் பற்றிப் பத்துப் பத்தாக நூறு பாட்டு. இன்று கையில் இருப்பது எண்பது. கிடைக்காமல் போனவை எவை? முதல் பத்தும் பத்தாம் பத்தும். கட்டின் இரு ஓரமும் தின்னப்பட்டுப் போயின என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. உ.வே.சா. 1904-இல் அதைப் பதிப்பித்தபோதே அந்த இருபது பாட்டும் இல்லை. இரண்டு சேர மன்னர்களின் புகழ் அந்த ஓலைகளோடு போய்விட்டது. கரிவலம்வந்தநல்லூரில் சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓம நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் மனம் நொந்ததை 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். நெருப்பிலிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள். அதுதான் வேதனை.

நம் பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, கடத்தூர்ப் பக்கத்து வீடுகளில் பரண்மேல் என்னென்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். தாத்தா படித்த அல்லி அரசாணி மாலை, கூத்து வாத்தியார் வைத்திருந்த பாட்டுப் புத்தகம், பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, வைத்தியர் வீட்டு ஓலை. வீடு இடிக்கும்போது, வெள்ளை அடிக்கும்போது, இவை பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன. போவதற்கு முன் நான் கேட்பது இவ்வளவுதான்:

1. முதல் பக்கத்தைப் பாருங்கள். சுழி, துணை வரி, ஊர், ஆண்டு இருக்கிறதா? செல்போனில் ஒரு படம் எடுங்கள். கடைசிப் பக்கத்தையும் எடுங்கள்.

2. கிழிந்த தாளை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். சில வருடத்தில் பசை பழுத்துத் தாளையே தின்றுவிடும். ஒரு காகித உறையில் போட்டுப் புத்தகத்தோடு வையுங்கள்.

3. ஓலை இருந்தால் எண்ணெய் எதையும் நீங்களாகத் தடவாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் கொஞ்சம் வசம்பு வையுங்கள். நம் முன்னோர் செய்ததுதான்.

4. வைத்துக்கொள்ள இடம் இல்லை என்றால் எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களில் இருந்து பிறந்தது அது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவமாக்கி வருகிறது. அவர்களிடம் பேசலாம். வழி தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை!

டிடிபி சென்டர் வைத்திருக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்றைய கணினியில் தமிழின் எந்த எழுத்தையும் ஒரு நொடியில் பெரிதாக்கலாம். 'கொ' என்றால் மூன்றும் சேர்ந்தே வளரும். ஈயத்தில் நானூறு வருடமாகக் கட்டுப்படியாகாத வேலை உங்கள் விரலுக்கு இன்று சுலபம். ஊர்த் திருவிழா மலரோ பள்ளி மலரோ செய்யும்போது முதல் எழுத்தைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கிற திராட்சைக் கொடிக்குப் பதிலாக நம் கம்பங்கதிர், புளியங்கிளை, வாணியாற்று நாரை எதையாவது வரைந்து பாருங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே வரைவார்கள்.

பின்னூட்டத்தில் உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். மதம், கட்சி எதுவும் பார்க்க வேண்டாம். சுழி போட்டதும் வரட்டும், சிலுவை போட்டதும் வரட்டும், ஒன்றும் போடாததும் வரட்டும். ஆண்டு படிக்க முடியாமல் தமிழ் எண்ணில் இருந்தால் கவலை வேண்டாம், நான் படித்துச் சொல்கிறேன். நம் சுழி போலவே இருக்கும் '௨' தமிழ் எண்ணில் இரண்டைக் குறிக்கும் என்பதை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழம்பிவிடாதீர்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது பரணில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். பழைய ஏணி என்றால் கீழே யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பாப்பிரெட்டிப்பட்டி